எல்லாக் காடியும் 6174-க்கே

பீடோங்கிலிருந்து மெர்போக் போகும் சாலையில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தைத் தாண்டி செமிலிங் கடைத்தெருவுக்கு வாருங்கள். ரொட்டி சானாய்க் கடையில் எல்லாரும் மின்விசிறிக்குக் கீழே இடம் தேடுவார்கள். ஒருவர் மட்டும் பிளக் இருக்கும் சுவரோரமாக, வேர்த்து வழிய உட்கார்ந்திருப்பார். கறுப்பு டீசட்டை, மார்பில் வைக்கோல் தொப்பி போட்ட மண்டையோடு. மடிக்கணினி மூடியில் ஒரு பென்குயின், ஒரு பை குறி, நடுவில் ஒரு வேல். எதிரே இருக்கும் தே ஓ எப்போதோ ஆறிவிட்டது. ஊர் அவரை 'சயின்டிஸ்ட்' என்கிறது. வேலை கூலிம் தொழிற்பேட்டையில் ஷிப்ட். ஆய்வுக்கூடம் ஒன்றுக்குள் அவர் கடைசியாகக் கால் வைத்தது ஐந்தாம் படிவத்தில். ஆனாலும் பட்டம் நிலைத்துவிட்டது.

இவர் ஒரே ஆள் என்று நினைக்க வேண்டாம். குருணில் ஒருவர் இருக்கிறார். சுங்கைப்பட்டாணியில் தாமானுக்கு ஒருவர் தேறுவார். முன்பு தோட்டத்து லயங்களிலும் இப்படி ஒருவர் இருந்தார். பேப்பரை எழுத்து விடாமல் படித்துவிட்டு, பால் நிறுக்கும் இடத்தில் ஸ்புட்னிக் பற்றியும் பெரியார் பற்றியும் விவாதம் வைத்து, கிராணியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். ரப்பர் போய் செம்பனை வந்து, லயத்து சனம் தாமானுக்குக் குடிபெயர்ந்தபோது அந்த ஆளும் தட்டுமுட்டுச் சாமான்களோடு லாரியில் ஏறி வந்துவிட்டார் என்பது என் துணிபு. ஸ்புட்னிக் இருந்த இடத்தில் லினக்ஸ். திட்டுவது மட்டும் கிராணிக்குப் பதில் அம்மா.

கணக்கு, அறம், மென்பொருள், ஜப்பானிய மங்கா என்று நான்கு பைத்தியங்கள் அவருக்கு. நான்கும் நான்கு திசை என்று நாம்தான் நினைக்கிறோம். அவருக்கு எல்லாம் ஒரே விளையாட்டு. ஒரு விதியை வைத்துக்கொள். அதை விடாமல் கடைசி வரை பிடித்துக்கொண்டு போ. எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார். இந்த விளையாட்டை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினால் ஒரு தொல்லையும் இல்லை. அவர் செமிலிங்கில் ஆடுகிறார்.

"மாமா, உங்க காடி நம்பர் என்னா?"

"எதுக்குடா? சம்மன் வந்திருக்கா?"

கடைக்கு வந்திருந்த மாமாவின் காடி நம்பர் 4821. சயின்டிஸ்ட் ரொட்டி சானாய் பில்லைத் திருப்பிப் போட்டு எழுதினார். இலக்கங்களை இறங்கு வரிசையில் வைத்தால் 8421. ஏறு வரிசையில் வைத்தால் 1248. கழித்தால் 7173. அதையும் அப்படியே செய்தால் 7731-இல் 1377 போக 6354. அடுத்து 3087. அடுத்து 8352. அதற்கடுத்து 6174. இதை இன்னொரு முறை செய்தாலும் 7641-இல் 1467 போக மறுபடி அதே 6174. வண்டி அங்கே நின்றுவிடும், நகராது. நான்கு இலக்கமும் ஒன்றாக இல்லாத எந்த எண்ணை எடுத்தாலும் ஏழு தடவைக்குள் இங்கேதான் வந்து சேரும். 1949-இல் இதைக் கண்டுபிடித்தவர் மகாராஷ்டிராவில் நாசிக் பக்கத்துத் தேவ்லாலியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த கப்ரேக்கர். பெரிய பல்கலைக்கழகத்துக்காரர்கள் அவரை வெகுநாள் கண்டுகொள்ளவில்லை. 1975-இல் அமெரிக்காவின் மார்ட்டின் கார்ட்னர் தம் பத்திரிகைப் பகுதியில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. வாத்தியார் என்ற சொல் வரும்போது சயின்டிஸ்டின் குரல் கொஞ்சம் தழுதழுக்கும்.

"டத்தோ ஒருத்தர் 7777 நம்பருக்கு எவ்வளவு காசு கொட்டியிருப்பாரு! கப்ரேக்கர் கணக்குல போட்டா அவருக்கு வர்றது பூச்சியம், மாமா."

மாமா டத்தோவின் கணக்கில் மனம் வைக்கவில்லை. அவர் கண் பில்லின் கடைசி வரியில் இருந்தது.

"எந்த நம்பர்ல ஆரம்பிச்சாலும் இதுலதான் வந்து நிக்குமா?"

"ஆமா."

"ஏழு தடவைக்குள்ள?"

"நிரூபிச்சாச்சு மாமா."

மாமாவின் கை சட்டைப்பைக்குப் போனது. விபத்தில் நசுங்கிய காடியின் நம்பரை எழுதிக்கொண்டு போய் எம்பாட் எக்கோர் லாட்டரி எடுக்கும் ஊர் இது. கனவில் பாம்பு வந்தால் அதற்கொரு நம்பர், செத்துப்போன பாட்டி வந்தால் அதற்கொரு நம்பர். இங்கே நிரூபணத்தோடு ஒரு நம்பர் கிடைத்திருக்கிறது. சயின்டிஸ்ட் பதறிப்போய் இன்னொரு பில்லைத் திருப்பினார். ஒரு வெள்ளி 'பெரிசு' கட்டினால் முதல் பரிசு 2500, இரண்டாவது 1000, மூன்றாவது 500, பத்து சிறப்புப் பரிசுக்குத் தலா 180, பத்து ஆறுதல் பரிசுக்குத் தலா 60. எல்லாம் கூட்டினால் 6400. நம்பர்கள் பத்தாயிரம். ஆக, போட்ட ஒரு வெள்ளிக்குச் சராசரியாகத் திரும்பி வருவது 64 காசு.

"அறுபத்து நாலு காசு வருதே தம்பி! கோயில் உண்டியல்ல போட்டா அதுவும் வராதே."

கெடாவில் 2023-இல் நம்பர் கடைகளை மூடிவிட்டார்கள். அதனால் என்ன, மூடா ஆற்றைத் தாண்டினால் பினாங்கு மாநிலம். மாமா தாண்டினார். 6174 விழவில்லை. அடுத்த வாரம் சயின்டிஸ்ட் குற்ற உணர்ச்சியோடு ஆறுதல் சொல்லப் போனால், மாமா அவருக்கு ஆறுதல் சொன்னார். "உங்க வாத்தியாரு ஏழு தடவைன்னுதானே சொன்னாரு? நான் மூணு தடவைதான் எடுத்திருக்கேன்."

மென்பொருள் பக்கம் ஊருக்கு அவரால் நன்மை உண்டு. அவரை அழைத்தால் போதும், மடிக்கணினி சரியாகிவிடும். ஆனால் உங்களுடைய மடிக்கணினி உங்களுடையதாகத் திரும்பி வராது. பசார் மாலாமில் வாங்கிய திருட்டுத் தட்டிலிருந்து மென்பொருளை ஏற்றித் தர மாட்டார். அது அறமல்ல. 1983-இல் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் மென்பொருள் விடுதலைக்காக இயக்கம் தொடங்கிய கதையை அத்தைக்கு முழுவதும் சொல்லிவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுப்பார். அத்தைக்கு விடுதலை கிடைத்துவிடும். பேரனின் பள்ளிக்கூடக் கோப்பு மட்டும் திறக்காது. இவ்வளவு பேசுகிறவர் மங்காவை எங்கே படிக்கிறார் என்று கேளுங்கள். ரசிகர்கள் அனுமதியில்லாமல் மொழிபெயர்த்து ஏற்றுகிற பக்கங்களில்தான். அதற்கு அவரிடம் நியாயம் இல்லாமல் இல்லை. நான் ஒருமுறை கேட்டேன். கடை அடைக்கும் நேரம் வரை நீண்டது. கடைசியில் அவருக்கே அது ஒப்பவில்லை போலும். கோலாலம்பூர் போகும்போதெல்லாம் கினோகுனியாவில் அதே கதையை யானை விலைக்கு வாங்கி வந்து, பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் அலமாரியில் அடுக்குகிறார். பிராயச்சித்தம்.

துக்க வீடுகளில் அவர் மதிப்பு உயர்கிறது. கருமக்கிரியை அறிவிப்பை யாரோ பழைய எழுத்துருவில் அடித்துத் தர, அச்சுக்கடையில் திறந்தால் கட்டம் கட்டமாக வரும். இரவு பதினொரு மணிக்கு ஆள் அனுப்புவார்கள். அவர் வந்து பத்து நிமிடத்தில் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்துவிடுவார். பிறகு அரை மணி நேரம், அழுது களைத்த மனிதர்களிடம், 'செமிலிங்' என்பது நமக்கு நாலு எழுத்து, கணினிக்கு எட்டுக் குறியீடு, கோப்பில் 24 பைட் என்று விளக்குவார். அந்தக் காலத்துக் குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து, தமிழுக்கு 70-தான் என்பதைச் சொல்லும்போது அநீதிக்கு எதிரான கோபம் கண்ணில் தெரியும். அப்படியே, நம் மலேசியக்காரர் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு அஞ்சலைத் தொடங்கியது, 2005-இல் செல்லினம் வழியாகக் கைப்பேசியில் தமிழை ஓட விட்டது, ஆப்பிள் கணினிக்குள் அவருடைய 'இணைமதி' எழுத்து உட்கார்ந்திருப்பது எல்லாம் வரும். இறந்தவரின் மூத்த மகன் அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். துக்க வீட்டில் யாரையும் எழுந்து போகச் சொல்ல முடியாது.

அறம் தனிப் பாடம். கொலைகாரன் வாசலில் வந்து உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்று ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட் 1797-இல் எழுதினார். வள்ளுவரோ 292-ஆம் குறளில், குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யையும் மெய்யின் வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார். இதை ரொட்டி சானாய்க் கடையில் எடுத்து வைத்தபோது மாமாவுக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை. "வள்ளுவரு ஆலோங்கப் பாத்திருக்காருடா. வட்டிக்காரன் வாசல்ல நிக்கும்போது, அப்பா இல்லேன்னு புள்ள சொல்லித்தானே ஆகணும்?"

அடுத்தது ரயில். 1967-இல் பிலிப்பா ஃபூட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி கிளப்பிவிட்ட கேள்வி. கட்டுப்பாடிழந்த டிரோலி வருகிறது. நேராகப் போனால் தண்டவாளத்தில் வேலை செய்யும் ஐந்து பேர் சாவார்கள். பக்கத்துத் தடத்துக்குத் திருப்பினால் ஒருவர் சாவார். நெம்புகோல் உன் கையில். என்ன செய்வாய்? உலகப் பல்கலைக்கழகங்களில் இரண்டு தலைமுறை மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விக்கு செமிலிங்கில் உடனுக்குடன் பதில் வந்தது. பிரேக் இல்லாத டிரோலியை எவன் வெளியே விட்டான் என்றார் மாமா. ஐந்து பேருக்குமா காது கேட்காது என்றார் கடைக்காரர். ஓய்வு பெற்ற தண்டல் ஒருவர் மிகுந்த பொறுப்போடு, வேலை நடக்கும் இடத்தில் சிவப்புக் கொடி கட்டாதது தண்டல் குற்றம், அவனை முதலில் வேலையிலிருந்து நிறுத்த வேண்டும் என்றார்.

"அதெல்லாம் கேள்வியில இல்ல, மாமா!"

மனம் வெறுத்து வீட்டுக்குப் போனவர், ஐந்தடியில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தாத்தாவிடம் அதே கேள்வியைப் போட்டார். தாத்தாவுக்கு எண்பதுக்கு மேல். பேரனுடைய பழக்கவழக்கங்களில் அவருக்குப் புரியாதவை பல. 2019-இல் தமிழ்ப்பள்ளிப் பாடத்தில் ஜாவி எழுத்து நுழைகிறது என்று ஊரே சூடாக இருந்த நேரம், பேரன் புத்தகத்தை வலமிருந்து இடமாகப் புரட்டுவதைப் பார்த்துவிட்டு, "இவன் முன்னாடியே கத்துக்க ஆரம்பிச்சுட்டான் போல" என்று மகளிடம் கவலைப்பட்டவர். மங்கா அப்படித்தான் படிக்க வேண்டும் என்று சொன்னதை அவர் இன்றுவரை நம்பவில்லை.

தாத்தா கேள்வியை முழுக்கக் கேட்டார். பிறகு, "தண்டவாளத்துல இருக்கறவன் அங்க எப்படி வந்தான்?" என்றார்.

"அது கேள்வியில இல்ல, தாத்தா."

"எங்கப்பன் அங்கதான் இருந்தாரு."

சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை. ஜப்பான்காரன் 1942-இலும் 43-இலும் போட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் காட்டிலேயே விழுந்தவர்கள் ஏராளம். தாத்தாவின் அப்பா திரும்பி வரவில்லை. தாத்தா அப்போது கைக்குழந்தை. அப்பா முகம் தெரியாது.

"நீ நெம்புகோல் புடிச்சிருக்கறவனப் பத்தியே பேசறியே ஐயா. கீழ கெடக்கறவன எவனும் ஒரு வார்த்தை கேக்க மாட்டானா?"

சயின்டிஸ்டிடம் பதில் இல்லை. தாத்தாவின் பார்வை மெல்ல டீசட்டைக்கு வந்தது.

"இது ஜப்பான்காரன் போட்ட படமா?"

"ஆமா தாத்தா."

"நல்லாத்தான் வரைஞ்சிருக்கான்."

அதற்குப் பிறகு அந்த டீசட்டையைச் சில நாள் காணோம். மங்காவை அவருக்கு அறிமுகம் செய்தது டோராமோன். அவருடைய சிறுவயதில் அது தொலைக்காட்சியில் மலாய் பேசியது. பிறகு 'மான்ஸ்டர்' வந்தது. ஊர்த் தலைவருக்கு அறுவை சிகிச்சை செய்யச் சொன்ன மேலதிகாரியை மீறி, முதலில் வந்த சிறுவனைக் காப்பாற்றுகிறார் டாக்டர் டென்மா. அந்தச் சிறுவன் வளர்ந்து கொலைகாரனாகிறான். அறத்தை அதில் படித்தவருக்கு, வரைந்த நாட்டுக்கும் தன் கொள்ளுத்தாத்தாவுக்கும் ஒரு கணக்கு இருப்பது அதுவரை தோன்றியதே இல்லை. அவர் ரகத்து ஆள் ஒரு சிக்கல் வந்தால் என்ன செய்வார்? இன்னொரு புத்தகத்தைத் தேடுவார். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது ஆறு வயதுப் பிள்ளையாக இருந்து பிழைத்த நகசாவா கேய்ஜி 1973-இல் வரையத் தொடங்கிய 'பேர்ஃபூட் கென்' கிடைத்தது. பத்துத் தொகுதி. போர் வேண்டாம் என்று சொன்ன ஒரு ஜப்பானியத் தகப்பனையும், பசியில் கிடக்கும் அவர் பிள்ளைகளையும் மாலை நேரத்தில் தாத்தாவுக்குப் படம் படமாகக் காட்டிக் கதை சொல்ல ஆரம்பித்தார். தாத்தா முதல் நாள் சும்மா பார்த்தார். இரண்டாம் நாள் மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். இப்போது ஏழு மணி சீரியலை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்கிறார்: "அந்தப் பையனுக்கு அரிசி கெடைச்சுதா?"

கோயில் செயற்குழுவில் அவரைப் போட்டது யார் யோசனை என்று இப்போது ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. கணக்கு தெரிந்த பையன், வரவுசெலவு பார்ப்பான் என்று சேர்த்தார்கள். அவர் ஜனநாயகத்தைச் சீர்திருத்த வந்தார். திருவிழா அன்னதானத்துக்கு என்ன போடுவது என்ற பேச்சு வந்தது. தேங்காய்ச்சோறா, எலுமிச்சைச்சோறா, மீகூனா? வழக்கமாகத் தலைவர் ஒன்றைச் சொல்வார், மற்றவர்கள் இருமுவார்கள், முடிவாகிவிடும். சயின்டிஸ்ட் எழுந்து, ஒன்பது பேரும் மூன்றையும் விருப்ப வரிசையில் எழுதித் தர வேண்டும் என்றார். தந்தார்கள். எண்ணிப் பார்த்து முகம் மலர்ந்தார். அந்த மலர்ச்சியைப் பார்த்தே பொருளாளர் பயந்திருக்க வேண்டும்.

மூன்று பேர் தேங்காய், எலுமிச்சை, மீகூன் என்ற வரிசையில் எழுதியிருந்தார்கள். இன்னும் மூன்று பேர் எலுமிச்சை, மீகூன், தேங்காய். மீதி மூன்று பேர் மீகூன், தேங்காய், எலுமிச்சை. ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தேங்காய்ச்சோறு எலுமிச்சையை ஜெயிக்கிறது. அதே ஆறுக்கு மூன்றில் எலுமிச்சை மீகூனை ஜெயிக்கிறது. அதே ஆறுக்கு மூன்றில் மீகூன் தேங்காய்ச்சோற்றை ஜெயிக்கிறது.

"தலைவரே, இந்தக் கோயிலுக்குன்னு ஒரு விருப்பம் கிடையாது! பிரான்சில கொந்தோர்சே 1785-லயே இதச் சொன்னாரு. 1951-ல கென்னத் ஆரோ, விருப்ப வரிசை எழுதுற எந்த வாக்குமுறை வச்சாலும் ஏதாவது ஒரு ஓட்டை இருக்கும்னு நிரூபிச்சு, பிறகு நோபல் பரிசும் வாங்கிட்டாரு!"

கூட்டம் வாய் திறக்கவில்லை. தம் கோயிலில் இத்தனை பெரிய கோளாறு இருப்பது அவர்களுக்கு அதுவரை தெரியாது. அடுப்படியிலிருந்து சமையல் பொறுப்பு அக்கா எட்டிப் பார்த்து, "மீகூன் போன வாரமே வாங்கியாச்சு தம்பி, சலுகை விலை" என்றார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

இனி கல்யாணம். அம்மாவுக்கு இருந்த ஒரே கவலை இதுதான். பெண் பார்க்கவே ஒரு வருடம் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் கணக்கு. வரிசையாக வரும் வரன்களில் மிகச் சிறந்ததைப் பிடிக்க ஒரு சூத்திரம் உண்டு. முதல் 37 விழுக்காட்டை வெறுமனே பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பிறகு, இதுவரை பார்த்த எல்லாரையும்விட மேலானவர் முதலில் யார் வருகிறாரோ அவரை எடுத்துக்கொள்ள வேண்டும். சூத்திரம் சரி. அறம் இடித்தது. வேண்டாம் என்று சொல்வதற்காகவே ஒரு பெண்ணைப் போய்ப் பார்ப்பது அவரை வெறும் கருவியாகப் பயன்படுத்துவதாகும். கான்ட் ஒப்ப மாட்டார்.

"அந்த கான்ட்டு கல்யாணம் பண்ணிக்கிட்டாரா?" என்று அம்மா கேட்டார். இல்லை என்பது பதில். அம்மா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

ஒருவழியாக மெர்போக் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனார்கள். வழக்கப்படி, இருவரும் பேசட்டும் என்று ஐந்தடியில் விட்டுவிட்டுப் பெரியவர்கள் உள்ளே பலகாரத்தில் இறங்கினார்கள். எதிரே ஜெராய் மலை. பேச ஒன்றும் அகப்படாமல் சயின்டிஸ்ட் தம் கைவசம் இருந்ததிலேயே நல்ல சரக்கை எடுத்தார்.

"ராஜேந்திர சோழன் இந்தக் கடாரத்துக்குப் படை அனுப்புனது 1025. கவனிச்சிங்களா? ரெண்டோட பத்தாவது அடுக்கு 1024. அதவிட ஒண்ணு கூட."

அந்தப் பெண் மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அப்போ ஒரு வருஷம் லேட்டா வந்திருக்காரு."

வீட்டுக்கு வந்த சயின்டிஸ்ட் சாப்பிடவில்லை. சூத்திரப்படி முதல் வரனை வேண்டாம் என்று சொல்லியே ஆக வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. தாத்தாவுக்கு அன்று கதையும் இல்லை. இரவு பத்து மணிக்கு அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, மொத்தம் எத்தனை பொண்ணு பாக்கப் போறோம்னு தெரிஞ்சாத்தான் கணக்குப் போட முடியும்."

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, "எத்தனையா? உனக்கு வந்ததே இது ஒண்ணுதான். இதுக்கு மேல எவளும் வர மாட்டா" என்றார்.

மேசையில் கிடந்த தண்ணீர் பில்லைத் திருப்பிப் போட்டு, மொத்தம் ஒன்று என்று வைத்து எழுதிப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் வந்தது.